அக்கா விழுகிற ஒத்திகை

அக்கா முதல் தடவை விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேமுக்கால் மணிக்கு. கண் விழித்தபோது பதினொன்றரை. நடுவில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. விழித்ததும் எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது. சரி, போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு மூக்கில் தீய்ந்த வாடை ஏறியது. மேலுலகத்தில் யாரும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்க மாட்டார்கள் என்கிற அளவுக்கு அவளுக்கு உலக ஞானம் உண்டு. கையால் துழாவினாள். துணி. தலையிலிருந்து கால்வரை யாரோ போர்வையைப் போர்த்தியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. துரைதான்.

போர்வையை விலக்கிப் பார்த்தால், சமையலறைத் தரையில் அவள் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் வயிற்றின் மேல் போர்வையில் பொத்தான்களை அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு ஓட்டைப் பொத்தான் ஒரு வரிசை, நாலு ஓட்டைப் பொத்தான் ஒரு வரிசை. அவள் எழுந்ததில் வரிசை கலைந்து போனதற்காக முகத்தைச் சுளித்தான். அடுப்பில் பால் பாத்திரம் கரியாகிச் சிவந்து நின்றது. அக்கா தவழ்ந்து போய் அடுப்பை அணைத்தாள். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

துரை அவளுடைய தம்பி. அது அவன் பெயர் இல்லை. உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வந்து சேர வேண்டும் என்று எதிர்பார்ப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? வயது நாற்பத்தொன்று. பிறந்தபோதே மூளை வளர்ச்சியில் தாமதம் என்றார்கள். "அந்தத் தாமதம் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு" என்பாள் அக்கா. மொத்தம் ஒரு முப்பது வார்த்தை பேசுவான். சாப்பிடுவான், தானே குளிப்பான், சோப்பு கண்ணில் பட்டால் கட்டடமே கூடிவிடும் அளவுக்குக் கத்துவான். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு பதினாறு வருஷமாக அக்காவும் அவனும்தான். அவள் வீட்டிலேயே மிஷின் போட்டு ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு உடுப்புத் தைக்கிறாள். ஐம்பத்து நாலு வயது. அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான்; அவளைவிடப் பத்து வயது மூத்த மாடிவீட்டுக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார், வெட்கமே இல்லாமல்.

அன்றைக்கு அவளைப் பிடித்துக்கொண்ட பயம் செத்துவிடுவோமோ என்பது இல்லை. சாகாதவர் யார்? அவள் விழுந்தாள், துரை போர்த்திவிட்டான். தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறான். அவள் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவள், அதனால் அப்படியே போர்த்தியிருக்கிறான். எழுந்திருக்காமலே போயிருந்தால்? பொத்தான் தீரும்வரை அடுக்கியிருப்பான். வீட்டில் நாலு டப்பா பொத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு பசிக்கும். அப்போதும் அவள் எழுந்து தட்டு வைப்பாள் என்று காத்திருப்பான். எத்தனை நாள்? அவளுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தைரியம் இல்லை, ஆனால் மனசு சும்மா இருக்குமா, யோசித்துக்கொண்டேதான் இருந்தது.

டாக்டர் ரத்தக் கொதிப்பு என்றார். மாத்திரை எழுதினார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்றார். "இவன யார் பாத்துக்குவாங்க டாக்டர்?" என்று அக்கா கேட்டதற்கு அவர் துரையைப் பார்த்தார். துரை அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்தான். அதோடு பேச்சு முடிந்தது.

*

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நூலகத்து மாடியில் ஒரு கூட்டம் நடக்கும். துரை மாதிரிப் பிள்ளைகளை, அண்ணன் தங்கைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிப் பேர் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். அதுவே பெரிய உதவி. கூட்டத்தை நடத்துகிறவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். அவருடைய மகளுக்கும் துரைக்கு இருப்பதுதான்.

அக்கா விழுந்த கதையைச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். போர்வை இடம் வந்ததும் குரல் உடைந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள்.

"வாயால சொல்லிக் குடுத்தா ஏறாதுங்க அக்கா," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "என்கிட்ட வர்றவங்களுக்கு பிரேக் எதுன்னு முதல் நாளே தெரியும். ஆனா கால் போகாது. பழக்கிப் பழக்கித்தான் கால் போகும். நீங்க விழுந்து காட்டுங்க."

"என்னது?"

"நெசமா விழுந்த மாதிரிப் படுத்துக்கோங்க. அவன் போய் எதிர்வீட்டு மணிய அடிக்கணும். அவங்க வரணும். அவங்க வந்து பாத்தப்புறம் நீங்க எழுந்திருக்கணும். அப்புறம் அவனுக்குப் பிடிச்சது ஏதாவது ஒண்ணு. வாரத்துக்கு ஒரு தடவை போதும். அதுக்கு மேல வேணாம், சொல்லிட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அக்காவின் காது வாங்கியது, பயம் வாங்கவில்லை.

எதிர்வீட்டில் இருப்பவளுக்குக் கட்டடத்தில் ஹலோ என்று பெயர். நாற்பது வயசு, தனி ஆள். ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே போனில் பதில் சொல்கிற வேலை. தலையில் எப்போதும் ஒரு கருப்பு வளையம், வாய்க்கு முன்னால் ஒரு குச்சி. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஹலோ, ஹலோ. நல்ல மனசு. அக்கா கேட்டதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இதுல என்னக்கா இருக்கு? நாலு எட்டு வச்சா உங்க வீடு. நான் வரேன்."

முதல் வாரம் துரைக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா தரையில் படுத்ததும் போர்வையைத் தேடிப் போனான். அக்கா எழுந்து, அவன் கையைப் பிடித்து, கதவைத் திறக்கவைத்து, மணியில் அவன் விரலை வைத்து அழுத்தினாள். மறுபடி வந்து படுத்தாள். மறுபடி எழுந்தாள். ஒரு நாளில் பதினைந்து தடவை. முழங்கால் கழன்றுபோனது. பத்தாம் நாள் அவனே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தான். மணியை அடித்தான். ஹலோ கதவைத் திறந்ததும் "அக்கா டொப்பு" என்றான். டொப்பு என்றால் விழுந்தது என்று அர்த்தம். தட்டு விழுந்தாலும் டொப்பு, மழை விழுந்தாலும் டொப்பு. ஹலோ ஓடி வந்தாள். அக்கா எழுந்து உட்கார்ந்து "சபாஷ்!" என்றாள். ஹலோ அவன் கையில் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் வைத்தாள். அக்காவும் ஹலோவும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். துரை அழவில்லை. அவனுக்கு மிட்டாய்த் தாளைப் பிரிக்க வராது. விரல் அதற்கு வளையாது. அவன் மிட்டாயை அக்காவின் உள்ளங்கையில் வைத்தான். அவள் பிரித்துக் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டு பொத்தானுக்குத் திரும்பினான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை என்று வைத்திருக்கலாம். ஆனால் இரவில் படுத்தால் அக்காவுக்குப் போர்வையின் வெள்ளைதான் கண்ணில் வரும். மறந்துவிட்டிருந்தால்? நேற்றுச் சரியாகச் செய்தான், இன்றைக்கு மறந்திருந்தால்? பார்த்துவிட வேண்டியதுதான். காலை பதினொன்றுக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலுக்கு ஒரு தடவை. தினமும். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விழ மாட்டோம் என்று யார் எழுதிக் கொடுத்தது?

ஒரு மாதம் ஹலோ ஒவ்வொரு தடவையும் ஓடி வந்தாள். போனில் யாரோ சோப்புத் தண்ணீர் வெளியே வருகிறது என்று அலறிக்கொண்டிருப்பார்கள், இவள் "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று வருவாள். கம்பெனியில் கேள்வி வந்தது, ஏன் தினமும் இரண்டு தடவை லைனில் ஆளை நிற்கவைக்கிறாய் என்று. அக்காவே ஒருநாள் சொன்னாள்.

"நீ தினம் வர வேணாம்மா. உன் பொழப்பு கெடக் கூடாது. அவன் வந்து மணி அடிக்கறானாங்கறதுதான் எனக்குத் தெரியணும். மிட்டாய மட்டும் குடுத்து அனுப்பு. அத கொண்டு வந்து என் கையில வச்சான்னா நான் எழுந்துக்கறேன்."

"நிஜமாவாக்கா? பரவாயில்லையா?"

"நான்தானே சொல்றேன்."

ஹலோ கதவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் மிட்டாயை நிரப்பி வைத்தாள். அன்றிலிருந்து வேலை சுலபமாகிவிட்டது. மணி அடிக்கும், கதவு அரை அடி திறக்கும், ஒரு கை நீளும், கதவு மூடும். ஒத்திகை எண்பதைத் தாண்டியது. துரை ஒரு தடவைகூடத் தவறவில்லை.

*

இரண்டாவது தடவை விழுந்தபோது பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

மிஷினை நிறுத்திவிட்டு டீ போடச் சமையலறைக்கு வந்தாள். வலது கையில் பிடித்திருந்த லைட்டர் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள். வலது கால் இருந்த இடத்தில் கால் இல்லை. அப்படித்தான் தோன்றியது. மேடையில் இடித்து, இடது பக்கமாகச் சரிந்து தரையில் அடித்து விழுந்தாள். இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதன் மேல் வலது பக்கம் முழுக்க ஈர மூட்டையாகக் கிடந்தது. வலது கை முகத்துக்கு முன்னால், உள்ளங்கை மேலே பார்த்தபடி விரிந்திருந்தது. அது யாருடையதோ கை போலத் தெரிந்தது.

அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அந்த மட்டுக்கும் புண்ணியம்.

தரையோடு தரையாகப் பார்த்தால் எல்லாம் நேர்க்கோட்டில் இருந்தது. சமையலறை வாசல், கூடம், தையல் மிஷினின் கால், அதற்கு அப்பால் வீட்டுக் கதவு. கூடத்தில் துரையின் இரண்டு பாதங்கள். அவன் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"டொப்பு," என்றான் சந்தோஷமாக.

பாதங்கள் நடந்தன. தாழ்ப்பாள் திறந்தது. அவன் கதவைத் திறந்தபடியே விட்டுப் போனான், கற்றுக் கொடுத்த மாதிரியே. இப்போது நடையும் தெரிந்தது, எதிர்வீட்டுக் கதவின் அடிப்பகுதியும் தெரிந்தது. மணி அடித்தது. அக்காவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, ஒரே ஒரு கணம். அதற்கு அடுத்த கணம்தான் அவளுக்கு உறைத்தது.

கதவு அரை அடி திறந்தது. நீல ரப்பர் செருப்பு.

"அக்கா டொப்பு."

"ஆமா சார், மெஷின் ஆடுதுன்னா கீழ இருக்கற நாலு கால்ல ஒண்ணு சரியா நிக்கலைன்னு அர்த்தம். சபாஷ் துரை, இந்தா. இல்ல சார், உங்கள சொல்லல. நீங்க குனிஞ்சு பாருங்க."

கதவு மூடியது.

அக்கா கத்தினாள். கத்தினோம் என்று நினைத்தாள். வாயிலிருந்து வந்தது காற்றும் எச்சிலும்தான்.

துரை வந்து உட்கார்ந்தான். மிட்டாயை அவள் வலது உள்ளங்கையில் வைத்தான். பச்சைத் தாள். அது அவள் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. விரலை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. மிட்டாய் உருண்டு தரையில் விழுந்தது. அவன் எடுத்து மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. இந்தத் தடவை அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மிட்டாயின் மேல் மூடினான். கையை எடுத்ததும் விரல்கள் விரிந்தன.

"பாஷ்," என்றான் அவன். சபாஷ் சொல்லு என்று அர்த்தம்.

சொல்லப் பார்த்தாள். "ப்பா" என்று ஒரு சத்தம் வந்தது. துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா விளையாடுகிறாள்.

இவனுக்குப் பாடம் நன்றாகத்தான் ஏறியிருக்கிறது என்று அக்கா நினைத்தாள். ஒரு அட்சரம் தவறவில்லை. பாடத்தைக் கெடுத்தது நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? வர வேண்டாம், மிட்டாயை மட்டும் கொடு என்று யார் சொன்னது? நான்தானே. ஹலோவைக் குறை சொல்லக்கூட எனக்கு வழியில்லாமல் செய்துகொண்டேனே பாவி.

துரை கொஞ்ச நேரம் பார்த்தான். ஒத்திகையில் மிட்டாய் வந்ததும் அக்கா எழுந்துவிடுவாள். எழுந்திருக்கவில்லை என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் வாரத்தில் நாளுக்குப் பதினைந்து தடவை அப்படித்தானே நடந்தது. எழுந்தான். போனான். மணி அடித்தது.

"அக்கா டொப்பு."

"என்னடா துரை, இன்னைக்கு டபுளா? மிட்டாய்க்காக உங்க அக்காவ நீயே தள்ளி விட்டுட்டு வருவ போலிருக்கே! இந்தா, ஓடு. ஒண்ணுமில்ல மேடம், எதிர்வீட்டுக்காரர். சொல்லுங்க, தண்ணி இறங்கலையா?"

கதவு மூடியது. அந்தச் சிரிப்பைக் கேட்டு அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வேறு நாளாக இருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். உலகம் தன்பாட்டுக்கு நல்லபடியாக இருந்தது. ஹலோ இருபது அடி தூரத்தில் இருந்தாள். எல்லாரும் நல்லவர்கள். அவள் இப்படியே கிடந்து சாகப் போகிறாள்.

இரண்டாவது மிட்டாயும் உள்ளங்கையிலிருந்து உருண்டது. அக்கா இடது காலை அசைத்துப் பார்த்தாள். கொஞ்சம் அசைந்தது. குதிகாலால் தரையில் அடித்தாள். வெறுங்கால், சிமெண்டுத் தரை. பூனை நடக்கிற சத்தம்கூட வரவில்லை. துரை அந்தக் காலைப் பார்த்தான். அன்பாக அதைப் பிடித்து நேராக வைத்தான். பிறகு உள்ளே போனான். திரும்பி வந்தபோது அவன் கையில் போர்வை இருந்தது.

வேண்டாம் துரை. வேண்டாம்டா ராஜா. வேண்டாம்.

முதலில் பாதம் மறைந்தது. அப்புறம் இடுப்பு. அவன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். நாலு மூலையும் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, கடைசியில் அவள் முகத்தின் மேல் போட்டான். எல்லாப் பக்கமும் வெள்ளை. அவள் விட்ட மூச்சு அவள் முகத்திலேயே வெப்பமாகத் திரும்பி வந்தது. வாயோரம் எச்சில் வழிந்து துணி ஈரமாகி உதட்டில் ஒட்டியது.

பொத்தான் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.

அக்காவுக்கு அந்தச் சத்தத்தைவிடப் பயங்கரமான சத்தம் வாழ்க்கையில் வேறு எதுவும் கிடையாது. டப்பா திறந்துவிட்டால் துரையை எழுப்ப முடியாது. சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டான். நாலு டப்பா. சாயங்காலம் ஆகும், விளக்குப் போட ஆள் இருக்காது. நாலு மணிக்கு மணி அடிக்கவில்லையே என்று ஹலோ நினைப்பாளா? இன்றைக்குத்தான் இரண்டு தடவை அடித்தாயிற்றே, அது போதும் என்று விட்டிருப்பார்கள் என்பாள். நாளைக்கு வருவாளா? நாளைக்குத் துரை பசியோடு இந்தப் போர்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அவனுக்கு யார் சொல்வார்கள்? அவனுக்கு எந்த வார்த்தையில் சொல்வார்கள்? அவனிடம் இருக்கிற முப்பது வார்த்தையில் அதற்கு வார்த்தை இல்லையே.

ஒரு பொத்தான் அவள் இடுப்பின் மேல் வைக்கப்பட்டது. உருண்டு போய்த் தரையில் விழுந்தது.

இன்னொன்று. அதுவும் விழுந்தது. போன தடவை அவள் மல்லாந்து கிடந்தாள். இந்தத் தடவை ஒருக்களித்துக் கிடக்கிறாள். வரிசை நிற்கவில்லை. துரை மூச்சை இழுத்து விட்டான். கோபம் வருகிறபோது அப்படிச் செய்வான். மூன்றாவது பொத்தான் விழுந்ததும் டப்பாவைத் தள்ளிவிட்டான்.

போர்வையின் ஓரம் தூக்கப்பட்டது. வெளிச்சம் வந்தது. அவன் முகம் தரையில் கன்னத்தைப் பதித்து, அவள் முகத்துக்கு நேராக வந்தது. நாற்பத்தொரு வருஷத்தில் அவன் யார் முகத்தையும் இப்படி நேராகப் பார்த்ததில்லை. அவன் கண் எப்போதும் பக்கத்தில் எங்கேயாவதுதான் போகும். இப்போது பார்த்தான். கோணிப்போயிருந்த அவள் வாயோரத்தை ஒரு விரலால் தொட்டான். விரலில் ஒட்டிய ஈரத்தைப் பார்த்தான். தரையில் கிடந்த இரண்டு மிட்டாயையும் பொறுக்கிக்கொண்டான். போர்வை மறுபடி விழுந்தது.

பாதங்கள் போயின. மணி அடித்தது.

"துரை! போதும், இனிமே நாலு மணிக்கு. போ கண்ணா, எனக்கு வேலை இருக்கு." கதவு திறக்கக்கூட இல்லை.

மணி மறுபடி அடித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. ஒத்திகையில் அவன் ஒரு தடவை அழுத்தி விரலை எடுத்துவிடுவான். இப்போது விரலை எடுக்கவே இல்லை. கட்டடம் முழுக்க அந்தச் சத்தம் ஓடியது. அக்கா ஈரத் துணிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

கதவு திறந்தது.

"துரை, நான் உங்க அக்காகிட்ட சொல்லப்போறேன் பாரு... என்ன இது? எனக்கே திருப்பிக் குடுக்கற? வேணாமா? ஓ, பிரிக்கணுமா? அதுக்கா இவ்வளவு? குடு, நான் பிரிச்சுத் தரேன்." தாள் சரசரத்தது. "இந்தா. ஆ காட்டு. என்னடா? ஏன் வாய மூடிக்கற? மிட்டாய்டா."



"அக்கா," என்றான் துரை. அப்புறம் அவன் வாழ்க்கையில் யாரும் கற்றுக் கொடுக்காத ஒன்றைச் சொன்னான். "அக்கா பிரிக்கல."

"என்ன?"

"அக்கா பிரிக்கல. அக்கா பிரிக்கல."

"சார், நான் அப்புறம் கூப்பிடறேன்" என்று ஹலோவின் குரல் கேட்டது. எதுவோ தரையில் விழுந்து இழுபட்டது, அந்தத் தலை வளையமாக இருக்கும். செருப்புச் சத்தம் வரவில்லை. வெறுங்காலோடு ஓடி வருகிற சத்தம்தான் வந்தது.

*

இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அக்காவும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் தைத்த உடுப்பைப் போட்டவர்களே அவளைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள்.

துரையை டிரைவிங் ஸ்கூல்காரர் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். கூட்டத்து ஆட்கள் முறைவைத்து வந்து அவனோடு இருந்தார்கள். முதல் இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டிரைவிங் ஸ்கூல்காரரின் மகள் தன் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டாளாம். அதிலிருந்து சாப்பிட்டான். இதைக் கேட்டு அக்கா அழுதாள். பாதி முகம்தான் அழுதது.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஹலோ அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

"சிரிச்சேன்க்கா. ரெண்டாவது தடவை வந்தப்ப சிரிச்சேன். தள்ளிவிட்டுட்டு வருவ போலிருக்கேன்னு சொன்னேன்."

அக்காவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கிணற்றிலிருந்து இழுத்து வர வேண்டியிருந்தது. "நான்... தானே... சொன்னேன்."

"இனிமே ஒத்திகை கிடையாது," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "மணி அடிச்சா நெசம். அவ்வளவுதான்." ஹலோ ஜாடியை எடுத்துவந்து அக்கா வீட்டு மேஜையில் வைத்தாள். காலையும் மாலையும் கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் நேரில் வந்து எட்டிப் பார்ப்பது என்று ஒரு தாளில் முறை எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டினார்கள். அக்கா அந்தத் தாளை நிறையத் தடவை படித்தாள். படித்தால் கொஞ்சம் தைரியம் வந்தது. ராத்திரி வந்தால் அது போய்விடும்.

ஆனால் ஒத்திகை நிற்கவில்லை. அதை இப்போது துரை நடத்துகிறான்.

நேரம் காலம் கிடையாது. அக்கா நாற்காலியில் கண்ணை மூடிக் கொஞ்சம் சாய்ந்தால் போதும். ஜாடியிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துவந்து அவள் வலது உள்ளங்கையில் வைப்பான். அந்தக் கைக்கு இன்னும் உயிர் வரவில்லை. அவள் இடது கையால் மிட்டாயை எடுத்து, தாளின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, தலையைத் திருப்பி இழுக்க வேண்டும். சில நாள் உடனே வரும். சில நாள் தாள் நழுவும், எச்சில் ஒழுகும். அவளுக்கு இப்போது இருக்கிற பெரிய பயம் அந்தத் தாள்தான். என்றைக்காவது ஒருநாள் வராமலே போய்விடும். அது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்துவிட்டது.

இன்றைக்குச் சாயங்காலமும் வைத்தான். தாள் இரண்டு தடவை நழுவியது. துரை உட்காரவில்லை. போய்க் கதவோரம் நின்றுகொண்டு, அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"இருடா," என்றாள் அக்கா. "பிரிக்கறேன், இரு."

தாள் கிழிந்து மிட்டாய் மடியில் விழுகிற வரைக்கும் அவன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.